ஆமைக்காரியின் கையெழுத்து

என் கையெழுத்து இல்லாமல் எங்கள் கம்பெனியில் ஒரு சாண் மண்ணைக்கூட யாரும் தோண்ட முடியாது. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமை வரும், மறைப்பதற்கில்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்ப்புக் கம்பெனி ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்றுப் பிடுங்கி, நடவு நட்டு எங்களை வளர்த்தவர்கள். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற முதல் ஆள் நான். எங்கள் பிரிவின் அதிகாரி வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை. அதனால் அவர் போட வேண்டிய கையெழுத்தை உதவியாளரான நான் போட்டுக்கொண்டிருக்கிறேன். நானோ காண்ட்ராக்ட் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை ரினியூவல்.

கையெழுத்து போடுவது ஒர்க் பர்மிட்டில். எங்கள் மாதிரி கம்பெனியில் வெல்டிங்கோ, உயரத்தில் ஏறுவதோ, பள்ளம் தோண்டுவதோ எதுவானாலும் முதலில் பர்மிட் எழுத வேண்டும். ஒரே படிவம் கார்பன் வைத்து மூன்று தாளாக வரும். வெள்ளை எங்கள் ஃபைலுக்கு, மஞ்சள் காண்ட்ராக்டருக்கு, ரோஸ் தாள் கேட்டில் எல்லோரும் பார்க்கும்படி தொங்க. தோண்டுகிற பர்மிட்டில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். மண்ணுக்கு அடியில் மின்கேபிள் உண்டா, தண்ணீர்க் குழாய் உண்டா, கேஸ் லைன் உண்டா என்று போய், கடைசியில் 'வேறு அபாயம் ஏதேனும்?' என்று ஒரு வரி. எல்லோரும் அந்த வரியில் யோசிக்காமல் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். நானும் பல வருஷம் கோடுதான் இழுத்தேன்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு போன ஆவணியில் ஒன்பது ஆமைகளுக்காக மல்லுக்கு நின்றேன். அதைச் சொன்னால் நீங்கள் என்னை நல்லவள் என்று நினைத்துவிடுவீர்கள். அதற்கு முன்னால் நான் கொன்ற நான்கு ஆமைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு மழை விட்ட காலையில், டிஸ்பாட்ச் கொட்டகையில் ஒரே கூச்சல். மழைநீர்க் கால்வாய் வழியாக ஓர் ஆமை உள்ளே வந்து, சரக்கு ஏற்றும் மேடைக்குக் கீழே நின்றிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிவிட்டார். அந்த ஆமை இப்போது நினைத்தாலும் கண்ணுக்குள் நிற்கிறது. கறுப்பு ஓடு, அதில் மேடுமேடாக முடிச்சுகள், ஒவ்வொரு முடிச்சின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் நாலாபக்கமும் விரிந்திருந்தன. யாரோ உட்கார்ந்து பொறுமையாகக் கோலம் போட்ட மாதிரி இருந்தது. ஆனால் அங்கே யாரும் அழகு பார்க்கிற மனநிலையில் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் ஆமை வீட்டுக்குள் வந்தாலே குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். கம்பெனிக்குள் வந்தால் சும்மா விடுவார்களா?

"ஆர்டரு போச்சு பாரு" என்றார் ஒருவர். "ஆடிட் வர்ற நேரத்துல இது வேறயா, வெளிய அனுப்புங்கம்மா" என்றார் மேனேஜர். கம்பெனியைப் பெருக்கித் துடைக்கும் அக்கா மட்டும்தான் பாவப்பட்டார். "தண்ணி இல்லாமத்தான் இங்க வந்துகீது. எங்கனா கொளத்துல உடு கண்ணு" என்றார்.

எனக்கும் அதுதான் தோன்றியது. ஆமை என்றால் தண்ணீர். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றிக் கவிழ்த்து, அதற்குள் ஆமையை வைத்து, ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து ஊர்க் கோயில் குளத்துக்குப் போனேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி, பத்திரமாக இருப்பா என்று சொல்லித் தண்ணீரில் விட்டேன். கொஞ்சம் குமிழி வந்தது, ஆமை உள்ளே போனது. நீந்திப் போய்விட்டது என்று சந்தோஷப்பட்டேன். திரும்பி வந்ததும் கேன்டீனில் கை தட்டினார்கள். அன்றிலிருந்து எனக்கு 'ஆமைக்காரி' என்று பெயர். அந்த மழைக்காலத்தில் மேலும் மூன்று ஆமைகள் அதே கால்வாய் வழியாக வந்தன. கூப்பிட்டபோதெல்லாம் ஹெல்மெட்டோடு ஓடினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, என் ஆமைகளைக் காட்டுகிறேன் வா என்று வீட்டுக்காரரைக் குளத்துக்கு அழைத்துப் போனேன். கையில் பொரி வேறு. குளத்தின் அந்த ஓரத்தில் ஒருவர் ஆடுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். தாமரை இலைக்கு நடுவே இரண்டு ஓடுகள் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தன. இன்னொன்று படிக்கட்டு மூலையில், பாசிக்குள் இருந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை.

"காட்டாமமா இது" என்றார் அந்த ஆட்டுக்காரர். "முள்ளுக் காட்டுல மேயறது. நீஞ்சத் தெரியாது இதுக்கு. எவனோ வேல மெனக்கெட்டு எடுத்தாந்து தண்ணில போட்டுகிறான் பாரு."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அந்த 'எவனோ'வைப் பேசாமல் ஏற்றுக்கொண்டேன். நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொரிப் பொட்டலத்தைக் கையிலேயே கசக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

குளத்து ஆமைக்கு விரல்களுக்கு நடுவே ஜவ்வு இருக்கும். இதற்குக் கால்கள் தூண் மாதிரி இருக்கும், தரையில் ஊன்றி நடக்கிற கால். ஒருவனுடைய ஹெல்மெட் பட்டி தளர்ந்திருந்தால் ஐம்பது அடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவள் நான். நான்கு ஆமைகளைக் கையில் தூக்கியும் ஒன்றின் காலைக்கூடப் பார்க்கவில்லை. படியிலிருந்து மேலே ஏற முயன்று, வழுக்கி, திரும்ப முயன்று அவை எத்தனை நேரம் தவித்திருக்கும் என்று நினைத்து நினைத்து அழுதேன். ஆனால் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் அந்தக் குளத்தைத் தாண்டும்போது, "நம்ம ஆமைங்க உள்ள கீது" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். நானும் தலையாட்டுவேன்.

அதற்குப் பிறகு என் சாப்பாட்டு நேரம் மாறியது. எங்கள் கம்பெனியின் பின்சுவருக்கு அப்பால் கம்பெனிக்கே சொந்தமான மூன்று ஏக்கர் நிலம் சும்மா கிடந்தது. காரை, சூரை, கலாக்காய் என்று முட்செடிகள், நடுவில் பெரிய சப்பாத்திக்கள்ளிப் புதர். ஆமைகள் அங்கிருந்துதான் வந்தன. சுவரில் கால்வாய் நுழைகிற இடத்தில் கம்பி அடித்து, இனிமேல் எதுவும் உள்ளே வராதபடி செய்தேன். பிறகு தினமும் டிபன் பாக்ஸோடு பின்கேட்டைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தேன். முதல் மாதம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. மழை பெய்த மறுநாள் வெயில் ஏறுவதற்குள் போனால் பார்க்கலாம் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஓட்டில் நட்சத்திரம் மாதிரி விரிகிற கோடுகளால்தான் இதற்கு நட்சத்திர ஆமை என்று பெயர். அந்தக் கோடுகள் ஒன்றுக்கு இருக்கிற மாதிரி இன்னொன்றுக்கு இருக்காது. ஒரு நோட்டில் ஒவ்வொரு ஓட்டையும் வரைந்து வைத்தேன். இரண்டு வருஷத்தில் ஒன்பது ஓடுகள் சேர்ந்தன. அதில் பெரியது ஒரு பெண், ஓட்டின் வலது ஓரம் உடைந்திருக்கும். கள்ளிப்பழம் விழுகிற காலத்தில் அவள் வாயெல்லாம் சிவந்து, வெற்றிலை போட்டவள் மாதிரி வருவாள்.

இவற்றைத் தெரிந்துகொள்ளத் தெரிந்துகொள்ள எனக்குக் கோபம்தான் கூடியது. என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். கொல்கத்தா ரோட்டில் போய்வருகிறவர். ஒருமுறை எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் நின்றபோது, அவருக்கு முன்னால் நின்ற வண்டியில் கத்தரிக்காய்ப் பெட்டிகளைப் பிரித்துக் கொட்டினார்களாம். காய்க்கு அடியில் பழைய காலுறைகள். ஒவ்வொரு காலுறைக்குள்ளும் ஓர் ஆமை, காலைக்கூட அசைக்க முடியாதபடி டேப் சுற்றி. "எங்கயோ வெளிநாட்டுல ஊட்ல வெச்சி வளக்கறாங்களாம், அதிஷ்டமாம்" என்றார். இங்கே அது வீட்டுக்குள் வந்தால் துரதிர்ஷ்டம், அங்கே அதிர்ஷ்டம். இரண்டு பக்கமும் சாவது ஆமைதான். பிடித்துப் போகிறவர்கள் ஒரு பக்கம் என்றால், இருக்கிற முட்காட்டை மட்டம் தட்டுகிற நாங்கள் இன்னொரு பக்கம். எங்கள் நிலத்துக்கு இடது கையில் ஒரு கம்பெனி, வலது கையில் ஒரு கம்பெனி, பின்னால் ரோடு. ஆமைக்கு ஓடத் தெரியாது. ஆபத்து என்றால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அங்கேயே உட்காரும். நாய்க்கும் நரிக்கும் அது போதும், ஜேசிபிக்குப் போதாது.

போன ஆவணியில் அந்த ஜேசிபி வந்தது. பின்னால் கிடந்த நிலத்தில் புதுக் கொட்டகை கட்டப் போவதாகவும், பூமி பூஜைக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டதாகவும் சொன்னார்கள். காண்ட்ராக்டர் பர்மிட் எழுதிக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். கடைசி வரியில் வழக்கம்போலக் கோடு. நான் அந்தக் கோட்டின் மேல் 'நட்சத்திர ஆமைகள் உள்ளன' என்று எழுதினேன். கையெழுத்து போடாமல் எடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனேன்.

அவர் மேசையில் எப்போதும் ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். அதில் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பித்தளை ஆமை, வடக்கே பார்த்தபடி. தொழில் நன்றாக நடக்க யாரோ வைக்கச் சொன்னது. அன்றைக்குத்தான் அதன் காலைப் பார்த்தேன். தூண் கால். நீச்சல் தெரியாத ஆமை. சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

"சார், பின்னாடி நெலத்துல நட்சத்திர ஆமை இருக்கு. சட்டத்துல பாதுகாப்பு இருக்கிற உயிரு. ஃபாரஸ்ட்காரங்க வந்து எடுத்துக்கினு போற வரைக்கும் பர்மிட்ல கையெழுத்து போட முடியாது சார்."

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். "ஏம்மா, ஆமைக்கெல்லாம் பர்மிட்ல இடம் இருக்கா?"

"கடைசி வரி சார். வேறு அபாயம்."

"அபாயம்னா நமக்கு வர்றதும்மா. ஆமைக்கு வர்றது இல்ல."

"யாருக்குன்னு ஃபார்ம்ல போடல சார்."

அவர் கெட்டவர் இல்லை. மேலிடத்துக்குத் தேதி சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டவர். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்: "உங்க ரினியூவல் அடுத்த மாசம்தானே?"

பயந்துபோனேன். ஆமாம் சார் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டுக்கு வந்து சொன்னபோது வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்: "எத்தினி பேரு கைல கால்ல உழுந்து வாங்கின வேல. இன்னாத்துக்குமே இந்தப் பேஜாரு? அந்த நாலுக்காகவா பண்ற?"

"ஆமா" என்றேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

வனத்துறைக்குப் போன் போட்டேன். இந்த நம்பருக்குப் பேசுங்கள், அந்த நம்பருக்குப் பேசுங்கள் என்று சுற்றிவிட்டார்கள். ஒரு நாள் லீவு போட்டு, நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக அலுவலகத்துக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது படங்களையும் பார்த்த பிறகு அங்கே பேச்சே மாறியது. மறுநாள் ஒரு பெண் வனக்காவலர் பைக்கில் வந்து இறங்கினாள். என்னைவிட வயதில் சின்னவள், காக்கி உடுப்பு, வெயிலில் கறுத்த முகம். நிலத்தைச் சுற்றி வந்து, மேனேஜர் முன்னாலேயே சொன்னாள்: "மெஷின் ஏறி ஒண்ணு செத்தாலும் கேஸ்தான் சார். ஓட்டினவர் மேல மட்டும் இல்ல, வேலை செய்யச் சொன்னவங்க மேலயும், கையெழுத்து போட்டவங்க மேலயும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல்முறையாகக் கொஞ்சம் நன்றி இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் ஒரு சிக்கல். மழை இல்லை. இந்தக் காய்ந்த வெயிலில் ஆமைகள் புதருக்கு அடியில் பள்ளம் பறித்துப் படுத்துவிடும், எல்லாவற்றையும் கண்டுபிடிக்க முடியாது, ஒரு மழை பெய்யட்டும் என்றாள் காவலர். மேலிடத்தோடு பேசிவிட்டு மேனேஜர் பத்து நாள் கொடுத்தார். பூஜையை மட்டும் முகூர்த்தம் தப்பாமல் கேட் ஓரமாக நடத்திக்கொண்டார்கள். ஜேசிபி நிலத்துக்குள் வந்து, ஒரு மரமும் இல்லாத வெட்டவெளியில் நின்றது. ஆரம்பாக்கம் பக்கத்திலிருந்து வந்த அதன் டிரைவர், தினமும் காலையில் நாஷ்டா முடித்துவிட்டு வந்து, மெஷின் நிழலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். "மேடம், உங்க ஆளுங்க எந்திரிச்சாங்களா?"

நான் சும்மா இருக்கவில்லை. காலையில் ஷிப்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம், சாயந்திரம் ஷிப்டு முடிந்து ஒரு மணி நேரம், குச்சியால் புதரை விலக்கித் தேடினேன். கையெல்லாம் முள் கிழித்தது. பெருக்கும் அக்கா இரண்டாம் நாளே துடைப்பத்தோடு வந்துவிட்டார். ஆறு நாளில் மூன்று கிடைத்தன. அவற்றைப் பின்கேட் ஓரம் தகரம் வைத்து அடைத்த நிழலில் விட்டோம். காவலர் வந்து வந்து பார்த்துக்கொண்டாள்.

அப்படித் தேடிக்கொண்டிருந்த ஒருநாள் அக்கா சொன்னார்: "உனுக்கு மட்டும்தான் புண்ணியமா கண்ணு? நானும் ஒண்ணு பண்ணிகிறேன். நீ கம்பி அடிக்கறதுக்கு மொதநாள் அந்தக் காவாயில ஒண்ணு வந்துச்சி. நீ லீவு. உன்னிய மாதிரியே எடுத்தும்போயி எங்க ஊரு கெணத்துல உட்டுட்டேன். இன்னிக்கும் அந்தப் பக்கம் போனா எட்டிப் பாத்து ஒரு கும்புடு போட்டுட்டுத்தான் வருவேன். உள்ளதான் கீது, மேல வர மாட்டேங்குது."

குச்சி என் கையிலிருந்து விழுந்தது. கிணறு. ஏற ஒரு படிகூட இல்லாத கிணறு. என்னைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார், அதுவும் இவ்வளவு பாசமாக. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அது செத்துவிட்டது, நான் விட்ட நான்கும் செத்துவிட்டன, இரண்டு வருஷமாக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது என்னால் முடியவில்லை. குனிந்து குச்சியை எடுத்துக்கொண்டேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. இந்த ஒன்பதையும் எடுத்து முடித்த அன்றைக்குச் சொல்லிவிடுவது, அதற்கு மேல் ஒரு நாளும் தள்ளுவதில்லை என்று அந்த முட்புதருக்கு நடுவே நின்று முடிவு செய்தேன்.

ஒன்பதாம் நாள் விடியும்போது மழை பிடித்தது. நல்ல மழை. காவலருக்குப் போன் செய்துவிட்டு ரெயின்கோட் மாட்டிக்கொண்டு ஓடினேன். மழை தூறலாகி, மண்வாசனை கிளம்பிய நேரத்தில் அவை வந்தன. கலாக்காய்ப் புதரிலிருந்து ஒன்று, கள்ளிக்கு அடியிலிருந்து இரண்டு. கழுத்தை நீட்டி, இலையில் நின்ற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் நடந்து வந்தன. காவலர் ஒவ்வொன்றையும் எடை போட்டு, அளந்து, என் நோட்டோடு ஒப்பிட்டு, காற்றுக்குத் துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைத்தாள். மதியத்துக்குள் எட்டு சேர்ந்தன. பெரியவளை மட்டும் காணவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் குடையோடு வந்தார். "எட்டு கெடைச்சிடுச்சே, போதாதாம்மா? மேல இருந்து போன் மேல போன்."

"ஒன்பது சார்."

"அது எங்கயாவது போயிருக்கும்மா."

"மூணு பக்கம் செவுரு, ஒரு பக்கம் ரோடு. எங்க சார் போவும்?"

அவர் பெருமூச்சு விட்டார். நாளைக்குப் பத்தாம் நாள், அதனால் மெஷினை இப்போதே கேட் பக்கமாவது நகர்த்தி வைக்கட்டும், அதற்கு பர்மிட் தேவையில்லை என்றார். அது உண்மைதான். மறுக்க எனக்கு வழியில்லை. ஆனால் எங்கள் கம்பெனிக்குள் எந்த வண்டியை ஸ்டார்ட் செய்தாலும் அதற்கு முன் டிரைவர் அதைச் சுற்றி நடந்து வர வேண்டும். டயர் பார்க்க வேண்டும், குனிந்து அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அது நான் ஒட்டிவைத்த விதி, பாதிப் பேர் செய்வதில்லை. சாவியோடு ஏறப் போன டிரைவரை நிறுத்தினேன்.

"சுத்திப் பாத்துட்டு ஏறுங்கண்ணே."

"ஒம்பது நாளா அதுக்குக் கீழதான் மேடம் படுத்துக்கினு கீறேன்" என்று முனகிக்கொண்டே சுற்றி வந்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"இன்னா நைனா," என்றார் உள்ளே பார்த்து, "நீ இங்கயா கீற?"

பெரியவள் சக்கரத்தோடு ஒட்டி, மண்ணில் பாதி புதைந்து உட்கார்ந்திருந்தாள். அந்த வெட்டவெளியில் இருந்த ஒரே நிழல் அந்த மெஷின்தான். மழையிலும் அவளுக்கு வெளியே வரத் தோன்றவில்லை. ஒரு சுற்று சக்கரம் உருண்டிருந்தால் போதும். டிரைவர் இரண்டு கையாலும் அவளைத் தூக்கினார். உடைந்த ஓரத்தைத் தடவிப் பார்த்து, "ஒம்பது நாளா ஒண்ணாத்தான் தூங்கிகிறோம்" என்றார். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். மேனேஜர் குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒன்பதும் காப்புக்காட்டுக்குப் போயின. அங்கேயும் ஆபத்து இல்லாமல் இல்லை, ரோந்து போக ஆள் போதவில்லை என்று காவலரே சொன்னாள். மண்ணுக்குள் முட்டைகள் இருந்திருக்கலாம். பார்த்த இடமெல்லாம் கிளறினோம், கிடைக்கவில்லை. அந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது. என் ரினியூவல் வந்தது, ஒரு வருஷத்துக்குப் பதிலாக ஆறு மாதத்துக்கு. இதெல்லாம் பிறகு நடந்தவை.

அன்று சாயந்திரம் காவலர் தன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, இந்த நிலத்தில் மொத்தம் எத்தனை என்று கேட்டாள். பதினான்கு என்றேன். ஒன்பதுதானே என்று நிமிர்ந்தாள். குளத்தில் நான் போட்ட நான்கையும், யார் விட்டது என்று சொல்லாமல் கிணற்றில் போன ஒன்றையும் சொன்னேன். அவள் பேனாவைப் படிவத்தின் மேல் வைத்தாள். பிறகு, "தெரியாம நடந்தது மேடம். இந்தப் படிவத்துல உயிரோட எடுத்ததை மட்டும்தான் எழுத முடியும்" என்றாள்.

என்னிடம் வேறு படிவம் இருந்தது. மேசைக்குப் போய் பர்மிட் புத்தகத்தைத் திறந்து, அதே தோண்டும் வேலைக்குப் புது பர்மிட்டில் அழுத்தி எழுதினேன், மூன்று தாளிலும் விழும்படி. வேறு அபாயம்: நட்சத்திர ஆமைகள். வனத்துறை எடுத்துச் சென்றவை 9. கோயில் குளத்தில் விட்டு நான் கொன்றவை 4. இது தரையில் வாழும் ஆமை, இதற்கு நீந்தத் தெரியாது. எங்கே பார்த்தாலும் தண்ணீரில் விடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள். அக்காவின் கிணற்றை எழுதவில்லை. அது அவருடையது, முதலில் அவருக்குத் தெரிய வேண்டும். கீழே கையெழுத்து போட்டேன்.

ரோஸ் தாளை நானே கொண்டுபோய்க் கேட்டில் தொங்கவிட்டேன். ஷிப்டு மாறுகிற நேரம். வந்தவர்கள் நின்று படித்தார்கள். படித்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெருக்கும் அக்கா வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார்.

"இன்னா கண்ணு எழுதிக்கீது? எல்லாம் மூஞ்ச ஒரு மாதிரி வெச்சிக்கினு போறாங்க. படி."

படித்தேன். நான்கு என்கிற இடத்திலும் நிறுத்தவில்லை. முடித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கிணற்றை எட்டிப் பார்த்துக் கும்பிட்ட நாட்களையெல்லாம் எண்ணிப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. என்னைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அத்த அடிச்சிட்டு அஞ்சுன்னு போடு" என்றார். "நான்ங்கறத நாங்கன்னு மாத்து."

பர்மிட்டில் அடித்துத் திருத்தினால், திருத்தியவர் பக்கத்தில் கையெழுத்து போட வேண்டும் என்பது விதி. கோயில் குளத்தில் என்பதை 'கோயில் குளத்திலும் கிணற்றிலும்' என்று ஆக்கினேன். நான் என்பதை நாங்கள் என்று மாற்றினேன். நான்கை அடித்து ஐந்து என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டேன். அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அதற்குப் பக்கத்தில், ஒவ்வொரு எழுத்தாக, தன்னுடையதைப் போட்டார்.